மெடிக்கல் கோடிங் சேரலாமா? ரெக்கார்டு ரூம் பக்கமிருந்து சில குறிப்புகள்

"பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடிச்சிருக்கா. மெடிக்கல் கோடிங் சேர்த்து விடலாமா?" சொந்தக்காரர்கள், பழைய நண்பர்கள், ஒருமுறை எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் என்று பல பேர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் சில வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எம்.ஆர்.டி.யில், அதாவது மருத்துவப் பதிவேடுகள் துறையில், வேலை பார்த்தவன் என்பதால் கேட்கிறார்கள். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை. கேட்பவர் மனசில் இருப்பது ஒரு வேலை. அந்தப் பெயருக்குக் கீழே இருப்பதோ இரண்டு தனித்தனி உலகம். ஒன்று நம்ம ஊர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூம். இன்னொன்று, சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க நோயாளியின் கேஸ்ஷீட்டைப் படிக்கிற ஆபீஸ். இரண்டுக்கும் வேண்டிய படிப்பறிவு ஏறக்குறைய ஒன்றேதான். அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் மாறிப்போகிறது. அதைத்தான் இந்தக் குறிப்பில் விளக்கப் பார்க்கிறேன்.

ரெக்கார்டு ரூமிலிருந்து தொடங்குவோம். நான் பார்த்த ஆஸ்பத்திரிகளில் அது தரைத்தளத்துக்கும் கீழே, ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நோயாளி வீட்டுக்குப் போனபிறகு வார்டிலிருந்து கேஸ்ஷீட் கட்டு கீழே வரும். வந்ததும் அலமாரியில் தூக்கி வைத்துவிடுவதில்லை. முதலில் பிரித்து வரிசைப்படுத்த வேண்டும்: முகப்புத் தாள், அட்மிஷன் நோட்ஸ், ஒப்புதல் படிவம், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்து சார்ட், நர்ஸ் சார்ட், லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி. அப்புறம் குறை பார்க்கணும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை. ஆபரேஷன் நோட்ஸில் இடது கால் என்றும் ஒப்புதலில் வலது கால் என்றும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "வயிற்று வலி" என்று மட்டும் இருக்கிறது. வயிற்று வலி நோயாளி சொன்ன தொந்தரவு. அது நோயின் பெயர் இல்லை. இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு டாக்டரைத் தேடிப் போகணும். டாக்டர் ஓ.பி.யில் இருப்பார், இல்லையென்றால் தியேட்டரில் இருப்பார். "நாளைக்கு வாங்க" என்பார். எங்கள் சூப்பர்வைசர் அக்கா ஒருவர், தியேட்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தே பாதி வேலை நாளைக் கழித்தவர். டாக்டரைக் கேள்வி கேட்கும் பொறுப்பு இந்த வேலைக்கு உண்டு. அதற்கான அதிகாரம் கிடையாது. இந்தத் துறையில் எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பீர்கள் என்பதைப் படிப்பை விட இந்த ஒரு விஷயம்தான் அதிகம் முடிவு செய்யும்.

அடுக்கும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசை, எனக்குப் பிடித்த விஷயம் என்பதால். ஒரு நோயாளியின் எண் 24-57-83 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக யாரும் 24-இலிருந்து தேடத் தொடங்குவார்கள். பெரிய ரெக்கார்டு ரூமில் தலைகீழ். முதலில் 83 என்ற பகுதிக்குப் போவோம், அதற்குள் 57, அதற்குள் 24. ஏன் இப்படி? புது நோயாளிகளுக்கு எண் வரிசையாக ஏறிக்கொண்டே போகும். நேர் வரிசையில் அடுக்கினால் புது கேஸ்ஷீட் எல்லாம் ஒரே மூலையில் குவியும். திரும்பத் திரும்ப எடுக்கப்படுவதும் புதுசுதான். ஆக எல்லா ஊழியரும் அந்த ஒரு மூலையிலேயே முட்டிமோதுவார்கள். பழைய பகுதி தூசி படிந்து கிடக்கும். கடைசி இரண்டு இலக்கமோ 00 முதல் 99 வரை சுழன்றுகொண்டே இருப்பதால், புதுசு நூறு பகுதிகளிலும் சமமாகப் போய்ச் சேரும். ஆளுக்கு இருபது பகுதி என்று பிரித்துக் கொடுக்கலாம். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு நிறம் என்று ஓரத்தில் பட்டை ஒட்டிவிட்டால், தப்பான இடத்தில் சொருகின கேஸ்ஷீட் நிறம் மாறித் தூரத்திலிருந்தே தெரியும். எடுத்துப்போகும் கேஸ்ஷீட்டின் இடத்தில் யார், எந்தத் தேதியில், எதற்காக எடுத்தார் என்ற அட்டை நிற்கணும். இடம் மாறிச் சொருகின கேஸ்ஷீட் எரிந்துபோன கேஸ்ஷீட்டுக்குச் சமம். லட்சக்கணக்கில் இருக்கும் இடத்தில் யார் தேடுவது?

இவ்வளவு பாதுகாத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு: இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த 72 மணி நேரக் கணக்கு நோயாளிகளில் பலருக்குத் தெரியாது. தெரிந்துவந்து கேட்பவரைச் சந்தேகமாகப் பார்க்கிற நிர்வாகங்களும் உண்டு. நான் இருந்த இடத்திலேயே, நகல் கேட்டு எழுதிக்கொடுத்த ஒருவரை "கேஸ் போடப் போறீங்களா?" என்று கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு வேண்டியிருந்தது இன்சூரன்ஸுக்கான தாள்கள்தான்.

விபத்து கேஸ்தான் இதில் உச்சம். பைக்கில் போனவரை லாரி இடித்துவிட்டது. தூக்கி வந்தவர் முன்பின் தெரியாதவர், நடந்ததைப் பார்க்காதவர். கேஷுவால்டியில் அவசரத்தில் "பைக்கிலிருந்து விழுந்ததாக" என்று ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதிவாகிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கும்போது, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் எடுத்து நீட்டுவார்: லாரி எங்கே இருக்கிறது இதில்? அன்றைக்கு அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்க் கூண்டில் நின்று, இது எங்கள் ஆஸ்பத்திரிப் பதிவேடுதான், இன்ன நாளில் இன்ன நேரத்தில் எழுதப்பட்டது என்று சொல்வது பல இடங்களில் எம்.ஆர்.டி. ஊழியர்தான். அதனால்தான் முதல் வாரத்திலேயே சொல்லித் தருவார்கள்: தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசாதே, கிறுக்கி மறைக்காதே. ஒரே கோடு போட்டு அடி, அடித்தது படிக்கத் தெரியணும், பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடு.

(ஒரு இடைக்குறிப்பு. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்றால் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். சென்னை பி.பி.ஓ.வில் ஏ.ஆர். என்றால் வரவேண்டிய பாக்கி, அதைக் கேட்டு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ராத்திரியில் போன் போடுகிறவர் ஏ.ஆர். காலர். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறின ஒரு நண்பர் இன்டர்வியூவில் ஐந்து நிமிஷம் எலும்பு முறிவைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார்.)

இனி கோடிங். டாக்டர் எழுதிய நோயையும் சிகிச்சையையும் உலகம் பூராவும் ஒரே மாதிரி எண்ணக்கூடிய குறியீடாக மாற்றுவதுதான் கோடிங். நோய்களுக்கான பட்டியலின் பெயர் ஐ.சி.டி. இது கம்ப்யூட்டர் காலத்துச் சரக்கு இல்லை. பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்ட்டியோன் 1893-இல் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது. 1948-இல் ஆறாம் திருத்தத்தின்போது உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கு வந்தது. அப்போதுதான் இறப்போடு நோய்களும் சேர்ந்தன. பத்தாம் திருத்தம்தான் ஐ.சி.டி. 10. பதினொன்றாவது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இன்னும் பத்துதான் ஓடுகிறது.

ஒரு பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டுக்கு மேலே எலும்பு உடைந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10-இல் எஸ்52.5, ஆர எலும்பின் கீழ்முனை முறிவு. எப்படி அடிபட்டது என்பதற்குத் தனியாக டபிள்யூ01, சம தரையில் வழுக்கி விழுதல். அவ்வளவுதான். இதே பாட்டி அமெரிக்காவில் விழுந்திருந்தால் எஸ்52.531ஏ. கூடுதலாக ஒட்டிக்கொண்ட எழுத்துகளில் எந்த வகை முறிவு, வலதா இடதா, மூடின முறிவுக்கு முதல்கட்டச் சிகிச்சையா அல்லது ஆறும்போது வந்த பின்தொடர் வருகையா என்பதெல்லாம் அடக்கம். அவர்கள் 2015 அக்டோபர் 1-இல் பழைய ஒன்பதாம் திருத்தத்திலிருந்து தங்கள் பாணியிலான பத்தாம் திருத்தத்துக்கு மாறியபோது நோய்க் குறியீடுகள் சுமார் 14,000-இலிருந்து 70,000-க்குப் பக்கத்தில் போயின. அதற்கு மேல் டாக்டர் செய்த ஒவ்வொரு செயலுக்கும் சி.பி.டி. என்ற ஐந்து இலக்கக் குறியீடு தனி.

இத்தனை நுணுக்கம் எதற்கு? பணத்துக்கு. 1983-இல் அமெரிக்காவின் மெடிகேர், முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ், உள்நோயாளிக்குச் செலவான தொகையைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, நோய்த் தொகுப்பு வாரியாக ஒரு நிலையான தொகை கொடுக்க ஆரம்பித்தது. நிமோனியா என்றால் இவ்வளவு. நிமோனியாவோடு மூச்சுச் செயலிழப்பும் என்றால் அதைவிட அதிகம். டாக்டர் எழுதும் ஒரு சொல் டாலராக மாறியது. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துக் குறியீடாக்குபவர் வருமானத் துறைக்கு வேண்டப்பட்டவர் ஆனார். பதிவேடு பார்ப்பது அங்கே பழைய தொழில். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியின் நூலகராக இருந்த கிரேஸ் வைட்டிங் மயர்ஸ் 1928-இலேயே அதற்கு ஒரு சங்கம் அமைத்துவிட்டார், இன்றைய ஏஹிமாவின் முன்னோடி அது. ஆனால் அந்தத் தொழில் பெருந்தொழிலாகிக் கடல் தாண்டி வந்தது குறியீட்டோடு காசு சேர்ந்த பிறகுதான்.

அப்படி வந்து இறங்கிய ஊர்களில் முக்கியமானது சென்னை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த, உடற்கூறு படித்த பட்டதாரிகள் இங்கே ஏராளம்: மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சித்தா, ஹோமியோபதி. படித்த படிப்புக்கு உள்ளூரில் சம்பளம் போதாதவர்கள். ஏ.ஆர். காலர் மாதிரி ராத்திரி முழுக்கப் போன் பேச வேண்டியதில்லை, கேஸ்ஷீட் படிப்பதைப் பகலிலும் செய்யலாம் என்பதால் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளும் சம்மதிக்கின்றன. கிராமத்துப் பெண்கள் பலர் முதல் சம்பளம் வாங்கிய வேலை இது. பி.பி.ஓ. என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வேலை சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு உதாரணம். டாக்டர் "நிமோனியாவாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். அமெரிக்க விதிப்படி வெளிநோயாளி என்றால் அந்த நிமோனியாவுக்குக் குறியீடு போடக்கூடாது. இருமல், காய்ச்சல் என்று அறிகுறிகளைத்தான் போடணும். அதே வரி உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால், நிமோனியா இருக்கிற மாதிரியே குறியீடு போடணும். எழுத்து ஒன்று, விதி இரண்டு. இன்னொன்று, எக்ஸ்ரேயில் நிமோனியா தெளிவாகத் தெரிகிறது, ஆனால் டாக்டர் அந்தச் சொல்லை எழுதவில்லை என்றால் நீங்களாக முடிவு செய்யக்கூடாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்பணும். தியேட்டர் வாசல் அக்கா செய்ததேதான், கம்ப்யூட்டர் வழியாக.

இதற்கெல்லாம் அடிப்படை மருத்துவச் சொற்கள். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது, ஈமியா என்றால் ரத்தத்தோடு சம்பந்தப்பட்டது. பாதங்களும் முன்னொட்டுகளும் இருநூறு கைவந்துவிட்டால் பார்க்காத வார்த்தையையும் உடைத்துப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். உடற்கூறு தெரியாமல் குறியீட்டுப் புத்தகத்தை மட்டும் மனப்பாடம் செய்பவர்கள் ஆறே மாதத்தில் திணறுவதைப் பார்க்கிறோம்.

தேர்வு என்று வந்தால், ஏ.ஏ.பி.சி. நடத்தும் சி.பி.சி.தான் சென்னையில் எல்லோரும் சொல்லும் பெயர். 100 கேள்வி, 4 மணி நேரம், குறியீட்டுப் புத்தகங்களைத் திறந்து பார்க்கலாம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். புத்தகம் கையில் இருக்கிறது என்று தைரியமாகப் போனால் நேரம் கழுத்தைப் பிடிக்கும். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிஷம்கூட இல்லை. தேறியதும் முழுப் பட்டம் வராது. அனுபவம் காட்டும் வரை பெயருக்குப் பின்னால் பயிற்சியாளர் என்பதற்கான ஏ என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். சந்தா வருஷா வருஷம் டாலரில் கட்டணும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 36 தொடர்கல்விப் புள்ளிகள் காட்டணும். "நூறு சதவீதம் வேலை உறுதி" என்ற போர்டு வைத்த பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன், இதையெல்லாம் அந்தக் கட்டணத்தில் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தேர்வுக் கட்டணம் தனி என்பதைக் கடைசி மாதத்தில்தான் சொல்வார்கள். பல கம்பெனிகள் சான்றிதழ் இல்லாத புதியவர்களையும் எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கின்றன. அந்த வழி கிடைத்தால் அதுவே மேல். சம்பளம் கேட்கும்போது இன்சென்டிவைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். நாளுக்கு இத்தனை சார்ட், 95 சதவீதத் துல்லியம் என்ற இரண்டு கயிறும் ஒரே நேரத்தில் இழுக்கும் வேலை இது.

ஏ.ஐ. வந்தால் போய்விடுமா என்பது அடுத்த கேள்வி. எக்ஸ்ரே ரிப்போர்ட் மாதிரி சின்னதாய், ஒரே அச்சில் வரும் சார்ட்டுகளை மென்பொருள் ஏற்கனவே குறியீடாக்குகிறது. புதியவர்கள் பழகுவதும் இந்த மாதிரிச் சார்ட்டுகளில்தான். அதனால் ஏணியின் மேல் படிகளை விட முதல் படிக்குத்தான் ஆபத்து என்பது என் கணிப்பு. ஆபரேஷன் நோட்ஸ், சிக்கலான உள்நோயாளி கேஸ், மென்பொருள் போட்டதைத் தணிக்கை செய்வது, இன்சூரன்ஸ் மறுத்ததற்கு எதிர்வாதம் எழுதுவது, இவற்றுக்கு ஆள் தேவைப்படும். வருஷக்கணக்காக ஒரே வகைச் சார்ட்டில் தங்கிவிட்டவர்கள் இப்போதே இரண்டாவது பிரிவு ஒன்றைக் கற்றுக்கொள்வது நல்லது.

இத்தனையும் சொன்னபிறகு எனக்குள்ள உறுத்தலுக்கு வருகிறேன். சென்னையில் உட்கார்ந்து அமெரிக்கப் பாட்டியின் எந்தக் கை உடைந்தது என்பது வரை பிசகாமல் குறியீடு போடும் ஊரில், நம்ம பாட்டி எதனால் செத்துப்போனார் என்பதற்கு உருப்படியான குறியீடு இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் படிவம் 4 என்ற இறப்புக் காரணச் சான்றிதழ் எழுதப்பட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்து, பார்த்த டாக்டர் எழுதினால் படிவம் 4ஏ. அதில் வரிசையாகக் கோடுகள் இருக்கும். முதல் கோட்டில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே அதை உண்டாக்கியது, அதற்கும் கீழே அதை உண்டாக்கியது. உதாரணமாக: ரத்தத்தில் நச்சுத்தொற்று; அதற்குக் காரணம் கால் அழுகல்; அதற்குக் காரணம் பல வருஷச் சர்க்கரை நோய். கணக்கில் சேரவேண்டியது அடியில் இருக்கும் சர்க்கரை நோய். சங்கிலியின் அந்தக் கடைசிக் கண்ணியைத்தான் மூலக்காரணம் என்கிறோம். ஆனால் படிவத்தில் பல நேரம் என்ன எழுதியிருக்கும்? "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்." இதயமும் மூச்சும் நின்றுவிட்டன. செத்துப்போகிற எல்லோருக்கும் அவை நிற்கத்தான் செய்யும்! அதற்கும் ஐ46.9 என்று ஒரு குறியீடு உண்டு. குறியீடு இருக்கிறது, தகவல் பூஜ்யம். அந்த மனிதரின் சர்க்கரை நோய் மாநிலத்தின் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. படிவம் 4-ஐத் திருப்பி டாக்டரிடம் கொண்டுபோய் "சார், மூலக்காரணம் எழுதலை" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பயிற்சி பெற்ற எம்.ஆர்.டி. ஊழியர்.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்குப் பாம்புக்கடி நல்ல உதாரணம். இந்திய இறப்புகளில் டாக்டர் சான்றளித்த காரணத்தோடு பதிவாவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். அதனால் பத்து லட்சம் இறப்புகள் ஆய்வு என்ற பெரிய ஆய்வில், வீடு வீடாகப் போய் இறந்தவரின் உறவினரிடம் கேட்டுக் காரணத்தைக் கணித்தார்கள். அதிலிருந்து 2011-இல் வெளியான கட்டுரை, பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 46,000 பேர் இறப்பதாகச் சொன்னது. 2020-இல் வந்த அடுத்த கட்டுரை 2000 முதல் 2019 வரை மொத்தம் 12 லட்சம் என்றது, ஆண்டுக்குச் சராசரி 58,000. ஆஸ்பத்திரிகளிலிருந்து போய்ச் சேர்ந்த அரசுக் கணக்கோ இதில் ஒரு சிறு பகுதி. எண்ணிக்கையே சின்னதாகத் தெரிந்தால் விஷமுறிவு மருந்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி வேண்டும் என்று எதை வைத்துத் திட்டமிடுவது? தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது; தனியார் ஆஸ்பத்திரியும் தெரிவித்தாக வேண்டும். நல்ல முடிவு. ஆனால் அறிவிப்பவர் யார்? கேஷுவால்டியில் "விஷக்கடி" என்று பொதுவாக எழுதினதைப் பார்த்து, பாம்பா தேளா பூரானா என்று கேட்டு, டி63.0 என்ற சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் யார்?

சட்டமும் மெதுவாக இதே திசையில்தான் நகர்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-இல் செய்த திருத்தம், எல்லா மருத்துவ நிறுவனங்களும் இறப்புக் காரணச் சான்றிதழைப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும், நெருங்கிய உறவினருக்கும் ஒரு நகல் தர வேண்டும் என்கிறது. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் ஆளுக்கொரு 14 இலக்க ஆபா எண் கொடுத்து, ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளை இணைக்கப் பார்க்கிறது. எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டால் ரெக்கார்டு ரூம் ஆள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களைத் தாக்குதல் முடக்கியபோது நாட்டின் முதன்மை ஆஸ்பத்திரி நாள்கணக்கில் காகிதத்துக்குத் திரும்பியது. அதைக்கூட விடுங்கள். தப்பான நோயாளியின் பெயரில் ஏறிய லேப் ரிப்போர்ட் கம்ப்யூட்டரிலும் தப்பான நோயாளியின் பெயரில்தான் இருக்கும், இன்னும் வேகமாக நாலு இடத்துக்குப் பரவும். ஒரே ஆளுக்கு மூன்று எண், மூன்று முருகேசனுக்கு ஒரே எண் என்ற குழப்பத்தைப் பிரிப்பது இப்போதும் மனுஷ வேலை.

படிக்க நினைப்பவர்களுக்கு வழிகள் உண்டு. வேலூர் சி.எம்.சி. பல பத்தாண்டுகளாக மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஆட்களைப் பயிற்றுவிக்கும் இடம். மணிப்பாலில் ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் என்ற பெயரில் பட்டப்படிப்பு. மெடிக்கல் ரெக்கார்டு டெக்னீஷியன் சான்றிதழ்ப் படிப்புகளும் உண்டு. 2021-இல் வந்த தேசிய துணைமருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் இந்தத் தொழிலைத் தன் அட்டவணையில் தனிப் பிரிவாகச் சேர்த்திருக்கிறது. 2025-இல் இதற்கான பாடத்திட்டமும் வெளியாகியிருக்கிறது. அதாவது நாளைக்குப் பதிவு, தகுதி, பதவிப்பெயர் என்று ஒழுங்கு வரும்போது, பட்டம் வைத்திருப்பவர் ஒரு படி மேலே நிற்பார்.

ஆகவே மைக்ரோபயாலஜி முடித்த அந்தப் பெண்ணுக்கு என் பதில்: வீட்டில் உடனே வருமானம் வேண்டும் என்றால் கோடிங் கம்பெனிக்குப் போகட்டும், தப்பே இல்லை; மூன்று வருஷத்துக்குள் சான்றிதழையும் உள்நோயாளி சார்ட்டையும் பிடித்துவிடணும். இரண்டு மூன்று வருஷம் படிக்க வசதி இருக்கிறது என்றால் ஹெல்த் இன்ஃபர்மேஷன் பட்டம். அதைப் படித்தவர் பிறகு கோடிங்குக்கும் போகலாம், ஆஸ்பத்திரிக்கும் போகலாம், இன்சூரன்ஸ் திட்டங்களின் க்ளெய்ம் பிரிவுக்கும் போகலாம். கோடிங் மட்டும் படித்தவர் திரும்பி ஆஸ்பத்திரிக்கு வருவது கஷ்டம், முக்கியமாகச் சம்பளம் குறைவதால். எந்தப் படிப்பானாலும் சேரும் முன் அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமை ஒருதடவை பார்க்கக் கேளுங்கள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு எண்ணைச் சொல்லி, எடுக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். அப்படியே, போன மாத இறப்புக் காரணங்களை யார் சரிபார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்ல ஒரு ஆளைக் கைகாட்டினார்கள் என்றால், அங்கே சேரலாம்.